கருத்துப்படமும் கலைஞர் வாழ்வும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நாளிதழைக் கையில் எடுப்போர் பலர், செய்திகளைப் படிப்பதற்கு முன்பே கருத்துப்படத்தைத் தேடுகின்றனர். தலையங்கம் பல பத்திகளில் விளக்குவதை ஒரு படம் சில நொடிகளில் உணர்த்திவிடுகிறது. பார்த்தவர் சிரிக்கிறார், சிரித்து முடித்தபின் சிந்திக்கிறார். அந்தப் படத்தை வரைந்தவர் யார்? ஒரு படத்திற்குப் பின்னால் எத்தனை மணிநேர உழைப்பு இருக்கிறது? அவ்வுழைப்பு அவருக்கு வாழ்வளித்ததா? தமிழில் கருத்துப்படக் கலை வேர்விட்ட வரலாற்றையும், அதில் புதுச்சேரி பெற்ற இடத்தையும், அக்கலையைத் தொழிலாகக் கொள்வோர் அறியவேண்டியவற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயரும் பொருளும்

ஓவியர் சுவரிலோ துணியிலோ பெரிய ஓவியம் தீட்டுவதற்கு முன் தடித்த தாளில் முன்வரைவு ஒன்றை வரைந்து பார்ப்பது பழைய ஐரோப்பிய வழக்கம். அத்தாளைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘கார்ட்டூன்’ என்னும் சொல் பிறந்தது. 1843ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவை இதழ், தான் வெளியிட்ட எள்ளல் படமொன்றுக்கு இச்சொல்லைச் சூட்டியது. அன்றுமுதல் நகையும் கருத்தும் கலந்த படங்களுக்கு அதுவே பெயராக நிலைத்தது.

தமிழில் இக்கலையின் வகைகளைத் தனித்தனிச் சொற்களால் குறிக்கலாம். நாட்டு நடப்பைப் பற்றிய ஒரு கருத்தை ஒரே கட்டத்தில் உணர்த்துவது கருத்துப்படம். ஒருவரின் தோற்றத்தில் உள்ள தனிக்கூறுகளை மிகைப்படுத்தி வரைவது கேலிச்சித்திரம். தொடர்ச்சியான கட்டங்களில் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திக் கதை கூறுவது சித்திரக்கதை. இதனைப் ‘படக்கதை’ என்றும் ‘காமிக்ஸ்’ என்றும் மக்கள் வழங்குவர். மூன்றுக்கும் பொதுவான கருவி கோடு. மூன்றுக்கும் பொதுவான உணர்வு பெரும்பாலும் நகை.

சொல்லால் வரைந்த படம்

நகைச்சுவையின் இயல்பைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே ஆராய்ந்துள்ளனர். நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறுகிறது. நான்கனுள் முதலாவதாக வைக்கப்பெற்ற எள்ளலே கருத்துப்படத்தின் உயிர்நிலை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் இதற்குச் சிறந்த சான்று. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க அரண்மனையில் பொலிகின்றன. அதியமானின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன. இவ்விரண்டு காட்சிகளையும் ஔவையார் அடுத்தடுத்து வைக்கிறார். இகழ்ச்சியை வெளிப்படையாகக் கூறவில்லை. புகழ்ச்சி போல ஒலிக்கும் பாடலுக்குள், போரே காணாத படைக்கலங்கள் என்னும் இகழ்ச்சி மறைந்திருக்கிறது. இன்றைய கருத்துப்பட ஓவியர் ஒருவர் இப்பாடலை வரைய விரும்பினால் இரண்டு கட்டங்கள் போதும். பொருந்தாத இரண்டினை அருகருகே நிறுத்தி, முடிவைப் பார்ப்பவரிடமே விட்டுவிடும் உத்தி அன்றும் இன்றும் ஒன்றே.

பாரிசிலிருந்து சென்னைக்கு

அச்சு இதழ்களில் கருத்துப்படம் வலிமைமிக்க கருவியாக உருவெடுத்த இடங்களுள் பிரான்சு முதன்மையானது. சார்லசு பிலிப்போன் என்பவர் 1830இல் ‘லா காரிகத்தூர்’ என்னும் வார இதழையும், 1832இல் ‘லெ ஷாரிவாரி’ என்னும் நாளிதழையும் பாரிசு நகரில் தொடங்கினார். தட்டுமுட்டுப் பாத்திரங்களைத் தட்டி எழுப்பும் கூச்சலைக் குறிக்கும் சொல்லே ‘ஷாரிவாரி’. மன்னர் லூயி பிலிப்பின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதைப் பிலிப்போன் வரைந்து காட்டியபின், பேரிக்காய் அம்மன்னரைக் குறிக்கும் அடையாளமாகவே மாறிற்று. மன்னரை மக்களின் செல்வத்தை விழுங்கும் பேருருவினராக வரைந்த ஓனொரே தோமியே என்னும் இளம் ஓவியர் 1832இல் ஆறுமாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1835இல் இயற்றப்பட்ட கடுமையான சட்டம் அரசியல் படங்களுக்குத் தடையாக நின்றது. தோமியே தம் கோட்டை வழக்கறிஞர், வணிகர், வீட்டு உரிமையாளர் ஆகியோரின் பக்கம் திருப்பினார். அவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 4000 கல்லச்சுப் படங்களை வரைந்தார். ஆயினும் முதுமையில் பார்வை குன்றி வறுமையில் வாடினார். உலகம் போற்றும் கலைஞர்க்கும் கலை முழுமையான வாழ்வாதாரமாக அமையவில்லை என்பது எண்ணத்தக்கது.

பாரிசு இதழின் வழியைப் பின்பற்றியே 1841இல் இலண்டனில் ‘பஞ்ச்’ இதழ் தோன்றியது. ‘இலண்டன் ஷாரிவாரி’ என்பது அதன் துணைப்பெயர். ஆங்கிலேயருடன் அவ்விதழும் இந்தியாவிற்கு வந்தது. 1877இல் இலக்னோவிலிருந்து ‘அவத் பஞ்ச்’ என்னும் உருது இதழ் வெளிவரத் தொடங்கியது. ஆட்சியாளர் தம் ஓய்வுநேரச் சிரிப்புக்காகக் கொண்டுவந்த கலை, ஆளப்படுவோரின் கையில் ஆயுதமாக மாறத் தொடங்கிற்று. தமிழில் அம்மாற்றத்தை நிகழ்த்தியவர் பாரதியார்.

‘இந்தியா’ இதழின் முகப்பு

1904ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ இதழில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியார், 1906இல் தொடங்கப்பெற்ற ‘இந்தியா’ வார இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். மண்டயம் குடும்பத்தினர் அவ்விதழை நடத்தினர். சிவப்பு வண்ணத் தாளில் வெளிவந்த அவ்விதழ், பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கமாகிய ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்பதைத் தன் குறிக்கோளாகக் கொண்டது. அதன் முதற்பக்கத்தில் பெரிய கருத்துப்படம் இடம்பெற்றது. தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முதல் இதழ் அதுவே.

எழுத்தறிந்தோர் மிகக் குறைவாக இருந்த காலம் அது. ஒரே இதழை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பர். எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டு பொருள் கொள்ள முடியும் என்பதைப் பாரதியார் நன்கு உணர்ந்திருந்தார். எனவே, மக்கள் முன்பே அறிந்திருந்த புராணக் காட்சிகளையும் விலங்குக் கதைகளையும் பழமொழிகளையும் படங்களுக்கு அடித்தளமாக்கினார். படத்தின் உட்பொருளைத் தெளிவுறுத்தும் விளக்கமும் இதழில் தரப்பட்டது. புதிய கலை ஒன்றை மக்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியரின் பொறுப்பு அவ்விளக்கங்களில் புலப்படுகிறது.

பாரதியார் இப்படங்களைத் தம் கையால் வரையவில்லை. கருத்தை அவர் வழங்க, ஓவியர் கோடாக்கினார். அன்றைய அச்சுமுறையில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கத்தை உருவாக்கினர். படத்தைத் தனியே அச்சுக்கட்டையாகச் செய்து எழுத்துகளுடன் பொருத்தவேண்டும். சாம்பல்நிறச் சாயல்களை அச்சில் கொணர்வது அரிது. ஆதலால் தெளிவான கோடுகளாலும் நெருக்கமான கீற்றுகளாலுமே ஒளியையும் நிழலையும் காட்டவேண்டியிருந்தது. பிழை நேர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். வாரந்தோறும் குறித்த நாளில் இதழ் வெளிவந்தாக வேண்டும். இத்தனை நெருக்கடிக்கு இடையில் ஓவியரின் உழைப்பு நிகழ்ந்தது.

பிரெஞ்சு மண்ணில் அடைக்கலம்

1908இல் ஆங்கில அரசின் அடக்குமுறை முற்றியது. ‘இந்தியா’ இதழின் ஆசிரியராகச் சட்டப்படி பதிவு பெற்றிருந்த சீனிவாசன் கைது செய்யப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். அச்சு இயந்திரமும் அங்குக் கொண்டு செல்லப்பட்டது. 1908 அக்டோபரில் ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது.

புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பிரான்சு நாடு 1881 ஜூலை 29ஆம் நாள் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தை இயற்றியிருந்தது. முன் அனுமதியோ பிணைத்தொகையோ இன்றி இதழ் தொடங்கலாம் என அச்சட்டம் கூறிற்று. குடியேற்ற நாடுகளுக்கும் அது பொருந்தும் என்பதற்குத் தனி விதியும் அதில் இருந்தது. தோமியே போன்ற ஓவியர்களைச் சிறைக்கு அனுப்பிய நாடு, அரை நூற்றாண்டுக்குப் பின் இயற்றிய சட்டம் இது. பாரிசில் வலிமை பெற்ற கலைவடிவம் இலண்டன் வழியாகச் சென்னையை அடைந்து, பிரெஞ்சு மண்ணாகிய புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தது வரலாற்றின் வியத்தகு சுழற்சி எனலாம்.

புதுச்சேரியில் ‘இந்தியா’ மட்டுமன்றி ‘விஜயா’, ‘கர்மயோகி’, ‘சூரியோதயம்’ முதலிய இதழ்களிலும் பாரதியாரின் எழுத்துப்பணி தொடர்ந்தது. கருத்துப்படங்களின் மீது அவர் கொண்ட ஈடுபாடு மேலும் வளர்ந்தது. படங்களுக்கென்றே தனியாக ‘சித்ராவளி’ என்னும் இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட அவர் திட்டமிட்டார். அது நிறைவேறியிருந்தால் தமிழில் கருத்துப்படத்திற்கெனத் தனி இதழ் அப்போதே தோன்றியிருக்கும்.

வழி அடைபட்டது

‘சித்ராவளி’ வெளிவரவில்லை. ‘இந்தியா’வும் 1910 மார்ச்சு மாதத்தில் நின்றுபோயிற்று. புதுச்சேரியில் இதழ் அச்சிடுவதைப் பிரெஞ்சுச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால், இதழைப் பணம் கட்டிப் படித்தவர்களுள் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழ்ந்தனர். அவர்களுக்குச் செல்லும் இதழ்களை ஆங்கில அரசு தடைசெய்து பறிமுதல் செய்தது. 1910 பிப்ரவரியில் புதிய அச்சகச் சட்டத்தையும் இயற்றியது. படிகள் வாசகரை அடையவில்லை, சந்தா வரவில்லை. வருவாய் இன்றி அச்சகம் இயங்க இயலாது.

இந்நிகழ்ச்சி கருத்துப்படக் கலைஞர் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய உண்மையொன்றைக் கற்பிக்கிறது. வரைவதற்கு உரிமை வேண்டும். வரைந்தது வாசகரைச் சென்றடைய வழி வேண்டும். அவ்வழியே கலைஞருக்கு ஊதியம் திரும்பி வரவேண்டும். இம்மூன்றில் ஒன்று அறுந்தாலும் கலை நின்றுவிடும். புதுச்சேரியில் முதலாவது கிடைத்தது. மற்ற இரண்டும் பறிக்கப்பட்டன. இதழ்கள் நின்றபின் பாரதியாரின் குடும்பம் பொருள்நெருக்கடியில் உழன்றதும் தமிழகம் அறிந்ததே.

எண்ணிப் பார்க்கத்தக்க மற்றொன்றும் உண்டு. ‘இந்தியா’வின் படங்களுக்குக் கருத்து வழங்கியவர் பாரதியார் என்பதை நாடறியும். அவற்றை வரைந்த கைக்குரியவரின் பெயர் மக்கள் நினைவில் நிலைபெறவில்லை. அடக்குமுறை மிகுந்த காலத்தில் பெயரின்மை ஓவியருக்குப் பாதுகாப்பாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் தமிழில் முதல் கருத்துப்படங்களை வரைந்தவர், தம் பெயரால் பாராட்டையோ அடுத்த வாய்ப்பையோ பெறுதற்கு வழியில்லாமற் போயிற்று. கையொப்பம் என்பது வெறும் அழகுக்கோடு அன்று. அது கலைஞரின் முகவரி.

கையொப்பம் பெற்ற கலைஞர்கள்

அடுத்த தலைமுறையில் நிலைமை மாறியது. எஸ். எஸ். வாசன் 1928இல் ‘ஆனந்த விகடன்’ இதழைத் தம் பொறுப்பில் ஏற்றபின், நகைச்சுவைக்கும் ஓவியத்திற்கும் நிலையான இடம் கிடைத்தது. ‘மாலி’ என்னும் பெயரில் வரைந்த மகாலிங்கம், இதழில் ஓவியருக்கெனத் தனி மதிப்பை உருவாக்கினார். கருநாடக இசைக்கலைஞர்களை அவர் வரைந்த கேலிச்சித்திரங்கள் புகழ்பெற்றவை. ஒருவரின் மூக்கையோ தலையசைப்பையோ சில கோடுகளில் பிடித்து, பார்த்தவுடன் இன்னார் என உணரச்செய்தார். வரையப்பெற்றவர்களும் மகிழும் வகையில் அவருடைய எள்ளல் அமைந்தது.

மாலியின் வழியில் வந்தவர் தஞ்சாவூரில் 1924இல் பிறந்த கோபாலன். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற அவருக்குக் ‘கோபுலு’ எனப் பெயரிட்டவர் மாலியே. சொற்களே இன்றிப் படத்தால் மட்டும் சிரிக்கவைப்பதில் கோபுலு வல்லவர். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் வரைந்த ஓவியங்களால் கதைமாந்தர் வாசகரின் மனக்கண்ணில் உயிர்பெற்றனர். பின்னாளில் அவர் விளம்பரத் துறையில் பணியாற்றினார். தாமே விளம்பர நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். இதழ்களுக்கு வரைவதையும் விடவில்லை. ஒரே கோட்டாற்றல் கதை, நகைச்சுவை, விளம்பரம் எனப் பல துறைகளில் பயன்படக்கூடும் என்பதற்கு அவருடைய வாழ்வு சான்றாகும்.

இந்திய அளவிலும் இருவர் குறிப்பிடத்தக்கவர். கேரளத்தில் பிறந்த சங்கர், 1932இல் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நாளிதழில் சேர்ந்தார். 1948இல் ‘சங்கர்ஸ் வீக்லி’ என்னும் தம் சொந்த இதழைத் தொடங்கி 1975 வரை நடத்தினார். இளம் ஓவியர் பலர் அவ்விதழில் பயிற்சி பெற்றனர். மைசூரில் பிறந்த ஆர். கே. இலட்சுமண், 1951முதல் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’ நாளிதழில் கட்டம்போட்ட மேலங்கி அணிந்த எளிய மனிதர் ஒருவரை வரைந்தார். அம்மனிதர் பேசுவதில்லை, நடப்பவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பேசாத அவர் வாயிலாகக் கோடிக்கணக்கானோர் தம் எண்ணத்தைக் கண்டனர்.

நிலையான கதைமாந்தரை உருவாக்குவது கலைஞருக்கும் வலிமை சேர்க்கிறது. மதன் படைத்த ‘ரெட்டைவால் ரெங்குடு’, ‘முன்ஜாக்கிரதை முத்தண்ணா’ ஆகியோரை நினைவுகூரும் வாசகர், அவர்களைப் படைத்தவரையும் உடன் நினைவுகூர்கின்றனர்.

தெரியுமா?

இதழ்களில் தமிழ் ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றைக் குறிக்கும் வழக்கத்தை முதலில் கைக்கொண்டவர் பாரதியார். செய்திகளுக்குத் தலைப்பிடுவதை ‘மகுடமிடல்’ என்று அவர் குறிப்பிட்டார். புதுச்சேரி ஈசுவரன் தருமராசா கோவில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவகமாகத் திகழ்கிறது.

கருத்துப்படம் உருவாகும் முறை

கருத்துப்படம் நான்கு படிநிலைகளில் உருவாகிறது. முதற்படி செய்தியை உள்வாங்குதல். ஓவியர் நாளும் பல இதழ்களைப் படித்து, அன்றைய நிகழ்வுகளுள் மக்களைத் தொடும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஏரியொன்றை மண்கொட்டி மேடாக்கி, அங்கு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்பட்டது என்னும் செய்தியை எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி உருவகம் தேடுதல். செய்தியை உள்ளபடியே வரைந்தால் அது விளக்கப்படமாகிவிடும். ஏரியை இழந்தவர் யார் என எண்ணிப் பார்க்கும்போது மனிதர்க்கு முன்பே அங்கு வாழ்ந்த கொக்கு நினைவிற்கு வருகிறது. குடியிருப்பின் வாயிலில் காவலரிடம் ஒரு கொக்கு நிற்கிறது. ‘முன்பு இங்கேதான் இருந்தேன், வாடகைக்கு வீடு கிடைக்குமா?’ என்று கேட்கிறது. செய்தி இப்போது கருத்துப்படமாகிவிட்டது.

மூன்றாம் படி வரைதல். பென்சிலால் பலமுறை வரைந்து, கொக்கின் தளர்ந்த நிற்பையும் காவலரின் வியப்பையும் செம்மைப்படுத்தியபின் மையால் கோடிடுகின்றனர். இன்று பலர் கணினியிலும் வரைபலகையிலும் வரைகின்றனர். கருவி மாறினாலும் கோட்டின் இலக்கணம் மாறவில்லை. தேவையற்ற ஒவ்வொரு கோடும் பார்ப்பவரின் கவனத்தைச் சிதைக்கும்.

நான்காம் படி சொல்லைச் சுருக்குதல். படம் கூறியதைச் சொல் மீண்டும் கூறுதல் கூடாது. ‘ஏரி அழிந்துவிட்டதே’ என்னும் தொடர் அக்கொக்குக்குத் தேவையில்லை. அதை வாசகர் தாமே உணர்வார்.

சித்திரக்கதைக்கு இவற்றுடன் காலத்தை ஆளும் திறனும் வேண்டும். இரண்டு கட்டங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் ஒரு நொடியும் கழியலாம். ஓர் ஆண்டும் கழியலாம். அவ்விடைவெளியை வாசகர் தம் கற்பனையால் நிரப்புகிறார். உரையாடல் கூண்டுகள் படிக்கும் வரிசையில் அமையவேண்டும். ஒரே மாந்தர் எல்லாக் கட்டங்களிலும் ஒரே முகத்துடன் தோன்றவேண்டும். பக்கத்திற்கு ஆறு கட்டங்கள் எனக்கொண்டால் 32 பக்கக் கதைக்கு 192 கட்டங்கள் வரையவேண்டும். நாளொன்றுக்கு இரண்டு கட்டங்களை முடிப்பவருக்கு அது மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட உழைப்பாகும். சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’, 1984இல் தொடங்கிய ‘லயன் காமிக்ஸ்’ ஆகியவை பெரும்பாலும் அயல்நாட்டுக் கதைகளின் உரிமையைப் பெற்றுத் தமிழில் வெளியிட்டன. அவை தமிழ்ச் சிறுவர் பலரை வாசகராக்கின. தமிழிலேயே வரையப்படும் கதைகள் பெருகவேண்டுமெனில், ஓவியரின் மூன்று மாத உழைப்புக்கு ஈடான ஊதியம் கிடைக்க வழி காணவேண்டும்.

தொழிலாகக் கொள்வோர்க்கு

கருத்துப்பட ஓவியர் இன்று பல வழிகளில் பொருளீட்டுகின்றனர். சிலர் இதழ்களில் மாத ஊதியம் பெறும் பணியாளராக உள்ளனர். சிலர் படத்திற்கு இவ்வளவு எனப் பெற்றுப் பல இதழ்களுக்கு வரைகின்றனர். பாடநூல், சிறுவர் நூல், விளம்பரம், அசைவூட்டப் படம், விழிப்புணர்வுச் சுவரொட்டி ஆகியவற்றுக்கும் ஓவியர் தேவைப்படுகின்றனர். இணையத்தில் தம் படைப்புகளைத் தாமே வெளியிட்டு வாசகரின் ஆதரவைப் பெறுவோரும் உளர். ஒரே வழியை மட்டும் நம்பியிருப்பவர் அவ்வழி அடைபடும்போது தடுமாறுவர். ஆதலால் பல திறன்களை வளர்த்துக்கொள்வது நலம் பயக்கும்.

உரிமை குறித்த அறிவும் இன்றியமையாதது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் உரிமை படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஓவியர் இதழொன்றில் பணியாளராக இருந்து அவ்விதழுக்கென வரைந்த படத்தை, இதழ்களில் வெளியிடும் உரிமை இதழ் உரிமையாளருக்கு உரியது. வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, ஏனைய உரிமைகள் ஓவியருக்கே உரியன. படைப்பைத் தம்முடையது என உரைக்கும் உரிமையையும் சட்டம் படைப்பாளிக்கு வழங்குகிறது. ‘இந்தியா’ இதழ் ஓவியருக்குக் கிட்டாத பாதுகாப்பு இது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எந்த உரிமையை, எத்தனை காலத்திற்கு, எவ்வளவு தொகைக்கு வழங்குகிறோம் என்பதை ஓவியர் படித்தறிதல் வேண்டும்.

உரிமையோடு பொறுப்பும் இணைந்தது. ஒருவரின் செயலை எள்ளலாம். பிறப்பையும் உடற்குறையையும் வறுமையையும் எள்ளுதல் இழிவாகும். வலியோரின் தவற்றைச் சுட்டும்போது கருத்துப்படம் அறத்தின் குரலாகிறது. எளியோரை இகழும்போது அதே கோடு கொடுமையாகிறது. மாலியின் கேலிச்சித்திரங்களைக் கண்டு இசைக்கலைஞர்கள் மகிழ்ந்தமைக்கு, அவருடைய எள்ளலில் அன்பு கலந்திருந்ததே காரணம்.

நிறைவாக

புதுச்சேரியில் பாரதியார் வாழ்ந்த வீட்டைக் காணச் செல்வோர், ‘சித்ராவளி’ என்னும் வெளிவராத இதழையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். கருத்து இருந்தது. வரையும் கையும் இருந்தது. அச்சிடும் உரிமையும் இருந்தது. வாசகரிடம் செல்லும் வழி மட்டும் இல்லை. இன்று அவ்வழி அகன்று கிடக்கிறது. கையிலுள்ள ஒரு கருவியில் வரைந்த படம் சில நொடிகளில் கடல்கடந்து செல்கிறது. அதற்குரிய ஊதியமும் மதிப்பும் வரைந்தவரை வந்தடைவது, படிப்பவரின் பொறுப்பையும் பொறுத்தது. படத்தைப் பிறருக்கு அனுப்பும்போது அதன் மூலையிலுள்ள கையொப்பத்தை வெட்டாமல் அனுப்புவதும், விலைகொடுத்து நூலை வாங்குவதும் சிறு செயல்களே. பெயர் நிலைபெறாத அந்த முதல் ஓவியருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றியும் அவையே.

சொல்லும் பொருளும்

நிலைக்களன் - தோன்றும் இடம்
எள்ளல் - இகழ்ந்து நகைத்தல்
மடன் - அறியாமை
மயிற்பீலி - மயில் தோகை
பிணைத்தொகை - உறுதிக்காக முன்கூட்டிச் செலுத்தும் பணம்
படி - அச்சிட்ட இதழின் பிரதி

இலக்கணக் குறிப்பு

எள்ளல், சுருக்குதல் - தொழிற்பெயர்கள்
வெளிவராத இதழ் - எதிர்மறைப் பெயரெச்சம்
சென்று, வரைந்து - வினையெச்சங்கள்
உரிமையும் பொறுப்பும் - எண்ணும்மை

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் அண்மையில் நிகழ்ந்த ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுத்து, பாடத்தில் கூறப்பட்டுள்ள நான்கு படிநிலைகளைப் பின்பற்றிக் கருத்துப்படம் ஒன்று வரைக. மறவாமல் கையொப்பம் இடுக.
2. ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற நிகழ்வை நான்கு கட்டங்கள் கொண்ட சித்திரக்கதையாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
3. ஒரு வார நாளிதழ்களில் வெளிவந்த கருத்துப்படங்களைத் திரட்டி, அவை எள்ளும் செயல் யாது என ஒவ்வொன்றின் கீழும் ஒரு தொடரில் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘சித்ராவளி’ என்பது
அ) பாரதியார் வெளியிடத் திட்டமிட்ட இதழ் ஆ) மாலியின் ஓவியத் தொகுப்பு இ) சங்கர் நடத்திய வார இதழ் ஈ) சிவகாசியில் வெளிவந்த படக்கதை

2. பொருத்துக.
அ) மாலி - 1) எளிய மனிதர்
ஆ) மதன் - 2) கல்லச்சுப் படங்கள்
இ) ஆர். கே. இலட்சுமண் - 3) இசைக்கலைஞர் கேலிச்சித்திரங்கள்
ஈ) தோமியே - 4) ரெட்டைவால் ரெங்குடு

குறுவினா

1. கருத்துப்படம், கேலிச்சித்திரம் - வேறுபடுத்துக.
2. ‘கார்ட்டூன்’ என்னும் சொல் தோன்றியவாற்றை எழுதுக.

சிறுவினா

1. பிரெஞ்சுச் சட்டம் தடுக்காத நிலையிலும் ‘இந்தியா’ இதழ் புதுச்சேரியில் நின்றுபோனதன் காரணத்தை விளக்குக.
2. ‘கையொப்பம் என்பது கலைஞரின் முகவரி’ - இக்கூற்றை மெய்ப்பிக்க.

நெடுவினா

கருத்துப்படக் கலைஞருக்கு உரிமை, வழி, ஊதியம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை என்பதைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.